கொழும்பிலே சித்திரைப் புத்தாண்டு

சித்திரை மாதப் பிறப்பு நெருங்க நெருங்கக் கொழும்பு மாநகரின் ஆரவாரம் அடங்கத் தொடங்கும். காரியாலயங்கள் மூடப்படும், காலி வீதியிலே வாகன நெரிசல் குறையும். தலைநகரிலே தொழில் புரிவோர் தத்தம் ஊர்களுக்குப் புறப்பட்டுவிடுவதே இதற்குக் காரணம். எனினும் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் முற்றாக உறங்கிவிடுவதில்லை. புத்தாண்டை இங்கேயே கொண்டாடும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே பலவுள.

இத்திருநாளின் தோற்றம் வானத்திலே இருக்கின்றது. சூரியன் மீன இராசியை விட்டு மேட இராசியிற் புகும் கணமே புத்தாண்டின் பிறப்பு. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னர், இரவும் பகலும் சமமாகும் வசந்தகால நாளும் இக்கணமும் ஒன்றாயிருந்தன. பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதனால், ஏறக்குறைய 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் அவை விலகின. இன்று சமநாள் மார்ச் 20 அல்லது 21 இலும், புத்தாண்டு ஏப்ரல் 14 ஐ ஒட்டியும் வருகின்றன. ஆயினும் இளவேனிலின் முதல் மாதமாகிய சித்திரை இலங்கைக்கு நன்கு பொருந்துகின்றது. ஏப்ரல் முற்பகுதியிலேதான் ஆதவன் இந்நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடிவரை உச்சிக்கு நேரே நின்று செல்கின்றான். ஊருக்குப் போகும் யாழ்ப்பாணத்தாரைப் போல அவனுக்கும் அப்போது வடதிசைப் பயணமே!

பிறப்பு நேரத்தைப் பஞ்சாங்கம் கூறும். வாக்கிய பஞ்சாங்கம் பழைய வாக்கியங்களிற் பொதிந்த கணக்கைத் தழுவியது. திருக்கணிதம் தற்கால வானியலுக்கேற்பத் திருத்தப்பட்டது. ஆகவே இரண்டும் குறிக்கும் நேரங்கள் வேறுபடும். வெள்ளவத்தையின் ஒரே மாடிக் கட்டடத்திலே, ஒரு வீட்டார் நீராடி முடித்த பின்னரும் அடுத்த வீட்டார் வேளை பார்த்துக் காத்திருத்தல் கூடும். பிறப்புக்கு முன்னும் பின்னும் நான்கு மணி நேரம் விஷு புண்ணியகாலம் எனப்படும். சிங்கள மக்களும் இச்சங்கிரமண வேளையிலே அடுப்பு மூட்டாது, தொழில் ஒழித்து, சமயக் கடமைகளில் ஈடுபடுவர். ஒரே சூரியனை நோக்கி இரு இனத்தவரும் கொண்டாடும் விழா இது.

புண்ணியகாலத்திலே மருத்துநீர் வைத்து நீராடுவது தமிழர் வழக்கம். தாமரை, தாழம்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு முதலியவற்றை இட்டுக் காய்ச்சிய நீர் அது. வீட்டிலே மூத்தவர் இளையவரின் தலையிலே அதனைத் தேய்த்துவிடுவார். அவ்வாண்டுக்குப் பஞ்சாங்கம் விதித்த இலைகளைத் தலையிலும் காலிலும் வைப்பதும் உண்டு. பின்னர் புத்தாடை, பொங்கல், ஆலய வழிபாடு. கொட்டாஞ்சேனைப் பகுதியார் பலர், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயிலை நாடுவர். சுபவேளையிலே பெரியோர் வெற்றிலையுடன் பணம் வைத்துக் கைவிசேடம் வழங்குவர்.

ஒரு காலத்திலே கொழும்புத் தமிழர் பலருக்கு இவையெல்லாம் ஊரிலே நிகழ்பவை. 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவிப் புகையிரதம் பண்டிகைக் காலங்களிலே அவர்களை ஊர் சேர்த்தது. 1990 இல் போர் காரணமாக வடக்குக்கான ஓட்டம் நின்றது. 2014 ஒக்டோபரிலேதான் அது மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. இடைப்பட்ட 24 ஆண்டுகளிலே ஊரை விட்டு வந்த குடும்பங்கள் பல வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வேரூன்றின. புத்தாண்டுக்கு ஊர் செல்லும் வழக்கம் அறுந்தபோது, புத்தாண்டையே இங்கு வரவழைத்துக்கொண்டனர்.

முற்றம் இல்லாத வீட்டிலே பொங்கற்பானை சமையலறைக்குள் ஏறிற்று. போர்த்தேங்காய் அடிப்பதற்கும் மரத்திலே ஊஞ்சல் கட்டுவதற்கும் இடமில்லை. மருத்துநீரைக் கோயிலிலே போத்தலிற் பெற்று வருகின்றனர். ஆனால் தலையில் அதனை வைக்கும் கை மாறவில்லை. அது இன்றும் பாட்டியின் கையே.

இங்கு பிறந்த பிள்ளைகள் மருத்துநீரின் மணத்தை அறிவர். அதிலுள்ள இலைகளை அறியார். இப்புத்தாண்டிலே, மாணவர்களே, அவ்விலைகளின் பெயர்களைப் பாட்டியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஊர் செல்லும்போது, அவை வளரும் வேலியோரத்தையும் குளக்கரையையும் தேடிக் காண அப்பட்டியல் உதவும்.