உம்மாவின் தொழில் என்ன?

 

ஒரு குற்றத்தை உங்களிடம் ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். என்னைப் பெற்று வளர்த்த உம்மாவை நான் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். இதைப் படித்ததும் உங்களுள் சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நான் ஒப்புக்கொள்ள வந்த குற்றம் வேறு. அது என்னவென்று பிறகு சொல்கிறேன்.

உம்மாவுக்கு எண்பது வயதானபோது மறதி தொடங்கிற்று. முதலில் குழம்பில் இரண்டு முறை உப்பு விழுந்தது. பிறகு பணப்பையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்றார்கள். லுஹர் தொழுது முடித்த கையோடு மீண்டும் ஒளுச் செய்துகொண்டு லுஹருக்கே நின்றார்கள். 2022ஆம் ஆண்டு ஒரு நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்கள். சென்னையின் நெடுஞ்சாலையில் நின்று, எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் தெருவுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்களாம். என் மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. ராத்தா துபாயில் இருந்தார். வேலைக்கு வைத்த பெண்கள் இருவரும் ஒரு மாதங்கூட நிற்கவில்லை. அதன் பிறகே அந்த முடிவுக்கு வந்தேன்.

டிமென்ஷியா என்பது தனி ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களால் மூளை பழுதுற்று, நினைவும் சிந்தனையும் அன்றாடச் செயல்களும் குலைந்து போகும் நிலையின் பெயர் அது. அந்நோய்களுள் பெரும்பாலும் காணப்படுவது அல்சைமர். 1906இல் அலாய்ஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் அதனை முதன்முதலாக எடுத்துரைத்தார். 2023இல் வெளியான ஆய்வொன்றின்படி, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் இந்நிலையில் வாழ்கிறார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல்! நம் தெருவில் எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பாருங்கள்.

கட்டப்பட்ட கைகள்

இல்லத்தில் சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, நோய்கள், மாத்திரைகள், தொழில் என்று கட்டங்கள் இருந்தன. சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று கவனமாக எழுதினேன். தொழில் என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இரண்டு மாதங்களுக்குள் புகார்கள் வந்தன. படுக்கை விரிப்பின் நூல்களைப் பிய்க்கிறார், குளிப்பாட்டப் போனால் அடிக்கிறார், மாலையானால் கூச்சலிடுகிறார். ஒருநாள் முன்னறிவிப்பின்றிப் போனேன். உம்மாவின் இரு கைகளும் துணிப்பட்டையால் கட்டிலின் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன. தலையில் முக்காடு இல்லை.

அங்கு நின்ற பணிப்பெண்ணின் மீது என் கோபமெல்லாம் பாய்ந்தது. அவளுக்கு இருபது வயதிருக்கலாம். "கட்டாவிட்டால் எல்லாத் துணியையும் கிழித்துவிடுகிறார் ஐயா. துணிக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்" என்று அழுதாள். விசாரித்தபோது விளங்கிற்று. பத்தாம் வகுப்பு முடித்து, கிராமத்திலிருந்து நேராக அவ்வேலைக்கு வந்தவள் அவள். ஊட்டிவிடவும், உடை மாற்றவும், மாத்திரை கொடுக்கவும் காட்டிக்கொடுத்திருந்தார்கள். இந்நோய் என்ன, இந்த முதியவர்கள் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்று அவளுக்கு ஒருவரும் ஒரு சொல்கூடச் சொன்னதில்லை. தெரியாத வேலைக்கு ஒருத்தியை அனுப்பிவிட்டு, அவளுக்குத் தெரியவில்லையே என்று திட்டுவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

மேலாளரிடம் சென்றேன். உம்மாவை அடக்கிவைக்க மருந்து எழுதித் தரும்படி மருத்துவரைக் கேட்கப் போவதாக அவர் சொன்னார். மனநோய்க்கான அத்தகைய மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005லேயே எச்சரித்திருக்கிறது. வேறு வழியில்லாத நிலையில் மட்டுமே, மருத்துவரின் கண்காணிப்பில் தரப்பட வேண்டியவை அவை. அதை எடுத்துச் சொன்னேன். மற்றக் குடும்பத்தாரும் சேர்ந்து வற்புறுத்தவே, பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்க இல்லத்தார் இசைந்தார்கள்.

ஆறு நாள் பாடம்

ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் வந்தார். பிற்பகலில் இரண்டு மணி நேரமாக, ஆறு நாட்கள். பணியாளர்களில் பாதிப்பேர் பாடம் கேட்க, மறுபாதியினர் முதியவர்களைக் கவனித்துக்கொண்டார்கள். குடும்பத்தாரும் வரலாம் என்றதால் நான் பின்வரிசையில் அமர்ந்தேன்.

முதல் நாள் அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை. ஒரு பெண்ணின் காதுகளில் பஞ்சை அடைத்தார். எண்ணெய் தடவிய கண்ணாடியை மாட்டிவிட்டார். கைகளில் தடித்த உறைகளை அணிவித்து, ஒரு சட்டையைக் கொடுத்துப் பொத்தான் போடச் சொன்னார். இன்னொருத்தியைப் பின்னால் நிறுத்தி, "சீக்கிரம், சீக்கிரம்" என்று அதட்டச் செய்தார். இரண்டே நிமிடத்தில் முதல் பெண் சட்டையை வீசியெறிந்தாள். "நீ ஏன் எறிந்தாய்? உனக்கும் பைத்தியமா?" என்று செவிலியர் சிரித்துக்கொண்டே கேட்டார். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு அவர் கற்பித்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் அவை பயன்படும். பின்னாலிருந்து தொடாதீர்கள், எதிரில் வந்து, அவர் கண்மட்டத்துக்கு அமர்ந்து பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு செய்தியைச் சொல்லி, பதிலுக்குப் பொறுத்திருங்கள். 'நான் யார், தெரிகிறதா?' என்று பரீட்சை வைக்காதீர்கள். 'நான் உங்கள் மகன்' என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மறைந்த கணவரைத் தேடினால், 'அவர் இறந்து எத்தனை வருடமாயிற்று' என்று வாதாடாதீர்கள்; அவரைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேளுங்கள். ஒருவரின் நடத்தை திடீரென்று மாறினால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். வலியா, மலச்சிக்கலா, தாகமா, சிறுநீர்த் தொற்றா என்று பாருங்கள். குளிப்பாட்டும்போது உடல் முழுவதையும் திறக்காதீர்கள். துண்டால் போர்த்தியபடியே, காலில் தொடங்கித் தலையைக் கடைசியில் கழுவுங்கள்.

"அவர் எப்படியும் மறந்துவிடுவாரே, நாம் எப்படி நடந்தால் என்ன?" என்று ஒரு பெண் கேட்டாள். செவிலியர் 2014இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். அல்சைமர் நோயாளிகளுக்குத் துயரக் காட்சிகளையும் மகிழ்ச்சிக் காட்சிகளையும் திரையில் காட்டினார்கள். சற்று நேரத்தில் பார்த்ததை மறந்துவிட்டார்கள். ஆனால் அது தந்த துயரமும் மகிழ்ச்சியும் நீடித்தன. காலையில் அதட்டியவரை மாலையில் அவர்களுக்கு நினைவிராது. அதட்டலின் அச்சம் மட்டும் நெஞ்சில் தங்கியிருக்கும்.

என் குற்றம்

மூன்றாம் நாள் செவிலியர் படிவங்களைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு எழுத வேண்டும் என்றார். டாம் கிட்வுட் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1997இல் எழுதிய நூலில், நோய்க்கு முன்னால் மனிதரைப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தியதைக் கூறினார். பின்பு என்னைப் பார்த்தார்.

"உங்கள் தாயாரை நேற்று ஒரு மணி நேரம் கவனித்தேன். விரிப்பின் நூலைப் பிரித்துக் குறுக்கே தள்ளுகிறார். உடனே இரண்டு முறை தம் பக்கமாக இழுக்கிறார். மறுபடியும் அதையே செய்கிறார். கிழிப்பவரின் கை இப்படி ஒழுங்காக ஓடாது. அவர் என்ன தொழில் செய்தார்? இங்கே ஒன்றுமில்லை என்று இருக்கிறதே?"

என்னால் பேச முடியவில்லை.

எங்கள் ஊர் பத்தமடை, வாசகர்களே! தாமிரபரணிக் கரையின் கோரையால் பாய் நெய்யும் ஊர். மணமக்களின் பெயர்களை நெய்து கலியாணப் பாய் தரும் ஊர். வாப்பா வஃபாத்தானபோது எனக்கு ஏழு வயது. கோரையை நீரில் ஊறப்போட்டு, காயவைத்து, மெல்லியதாகக் கிழித்து, பாவு நூல்களுக்கிடையே ஒவ்வொன்றாகச் செலுத்தித் தம் பக்கம் இழுத்து அடித்து, முதுகு வளைய உட்கார்ந்து நாற்பது ஆண்டுகள் நெய்தார்கள் என் உம்மா. ராத்தாவின் கலியாணமும் என் கல்லூரிப் படிப்பும் அந்தக் கோரையில் விளைந்தவை. கல்லூரி விடுதியில் நண்பர்கள் கேட்டபோது, "உம்மா வீட்டில் சும்மா இருக்கிறார்கள்" என்று சொன்னேன். பாய்க்காரியின் மகன் என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கமே ஐம்பது ஆண்டுகள் கழித்துப் படிவத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிற்று. அவர்கள் நெய்துகொண்டிருந்த கைகளைக் கட்டிவைக்க நானும் காரணமானேன்.

ஊரிலிருந்து உறவினர் ஒருவர் ஒரு கட்டுக் கோரை கொண்டுவந்தார். அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. உம்மா பாய் நெய்துவிடவில்லை. நனைந்த கோரையை மடியில் வைத்ததும் முகர்ந்து பார்த்தார்கள். பிறகு நீளம் பார்த்துப் பிரித்து அடுக்கத் தொடங்கினார்கள். நான் திட்டிய அதே பெண் கீழே அமர்ந்து, "இப்படியா பாட்டி?" என்று ஒன்றை மாற்றி வைத்தாள். "அப்படி இல்லை கழுதை, வேரை இந்தப் பக்கம் வை!" என்று உம்மா அதட்டினார்கள். பல வாரங்களுக்குப் பின் அவர்கள் பேசிய முழு வாக்கியம் அது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

குளியலுக்கும் வழி கிடைத்தது. நீண்டகாலப் பழக்கங்கள் மூளையில் வேறிடத்தில் பதிவதால், நினைவுகள் போன பிறகும் அவை நெடுநாள் நிற்கும் என்று செவிலியர் விளக்கியிருந்தார். எனவே தலையில் முக்காட்டை இட்டு, முதலில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, "பாட்டி, ஒளுச் செய்யுங்கள்" என்றாள் அப்பெண். உம்மா தாமாகவே கைகளை நீட்டினார்கள். கை, வாய், மூக்கு, முகம் என்று வரிசை தவறாமல் கழுவினார்கள். ஒளுவிலிருந்து மெல்லக் குளியலுக்குப் போவது எளிதாயிற்று. சில நாட்களில் அடிக்கத்தான் செய்தார்கள். ஆனால் கட்டிய துணிப்பட்டையை நான் மறுபடி பார்க்கவில்லை.

குறையையும் மறைக்கக் கூடாது. பயிற்சி பெற்றவர்களில் இருவர் மூன்றே மாதத்தில், கூடுதல் சம்பளத்துக்காக வேறிடம் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒருமுறை பாடம் நடத்தி முடித்துவிடும் காரியமன்று இது. தகுந்த ஊதியமும் இதில் சேர்ந்த ஒன்று.

உம்மா 2024இல் வஃபாத்தானார்கள். என்னைக் கடைசிவரை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அல்லாஹ் அவர்களின் மண்ணறையை விசாலமாக்குவானாக!

வாசகர்களே, பெற்றோரை இல்லத்தில் சேர்க்க நேர்ந்தால், கட்டிலையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இங்குள்ள பணியாளர்களுக்கு இந்நோயைப் பற்றி யார், எத்தனை நாள் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். வீட்டில் வைத்திருப்பவர்கள், தொழுகையை மறந்தார்களே என்று அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். அறிவு நீங்கியவர் மீது அக்கடமை இல்லை. வழிகாட்டுதல் வேண்டுமானால், 1992இல் கேரளத்தில் தொடங்கப்பெற்ற இந்திய அல்சைமர் சங்கம் போன்ற அமைப்புகளை நாடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு தாளை எடுத்து, உங்கள் உம்மா வாப்பாவின் அருகில் போய் உட்காருங்கள். எந்தத் தெருவில் வளர்ந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள், எதற்குப் பயப்படுவீர்கள், எதைத் தொட்டால் மனம் அமைதியாகும் என்று கேட்டு எழுதுங்கள். ஒரு பணிப்பெண்ணுக்கு எத்தனை சிறந்த ஆசிரியர் வந்தாலும் இவற்றைக் கற்பிக்க முடியாது. அவற்றை நாம்தான் சொல்ல வேண்டும். அவர்களால் சொல்ல முடிகிற இப்போதே கேட்டுவிடுங்கள்.