ஆலைச் சங்குக்கு எழும்பிய ஊர்

  கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

மட்டக்களப்பு ரயில் பாதையின் தரிப்பிடங்களை வரிசையாகப் பார்த்தால் 'கடதாசிநகர்' என்று ஒரு பெயர் வரும். வெளியூரில் இருந்து புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், இது யாரும் பகிடிக்கு வைத்த பெயரா என்று கேட்டார். பகிடி இல்லை. நாட்டுக்கே கடதாசி செய்து கொடுத்த ஆலை வாழைச்சேனையில் இருந்தது, அதைச் சுற்றி ஒரு ஊரே இருந்தது என்று சொன்னோம். அவர் நம்பினாரோ தெரியாது. எங்கள் சொந்தப் பிள்ளைகளே அரைகுறையாகத்தான் நம்புகிறார்கள். அவர்களுக்குக் கடதாசி ஆலை என்றால் கல்குடா பீச்சுக்குப் போகிற வழியில் தெரிகிற பழைய கட்டடம், அவ்வளவுதான்.

இங்கே 'நாங்கள்' என்று எழுதுவது ஓட்டமாவடி, மீராவோடை, மாவடிச்சேனை, பிறைந்துரைச்சேனை, வாழைச்சேனைப் பக்கத்தில் இப்போது ஐம்பதைத் தாண்டி நிற்கிற எல்லோரையும்தான். எங்களில் பாதிப் பேருக்கு வாப்பாவோ, மாமாவோ, அடுத்த வளவுக் காக்காவோ ஆலையில் வேலை செய்திருப்பார்கள்.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் வடக்கு கிழக்குக்கு மூன்று பெரிய தொழிற்சாலைகள் திட்டமிடப்பட்டன. காங்கேசன்துறைக்குச் சீமெந்து, பரந்தனுக்கு இரசாயனம், வாழைச்சேனைக்குக் கடதாசி. எங்கள் ஆலை 1956இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு அது கிழக்கிலங்கைக் கடதாசி ஆலைகள் கூட்டுத்தாபனம் ஆயிற்று. ஏன் வாழைச்சேனை? சுற்றிவர வயல், வயல் இருந்தால் வைக்கல். ஆற்றுத் தண்ணீரும், 1928இல் வந்து சேர்ந்த ரயில் பாதையும் பக்கத்திலேயே. எங்கள் போடிமார் சூடு அடித்து முடிந்ததும் களவெட்டியிலேயே கொளுத்திவிடுகிற வைக்கலுக்கு ஒரு விலை உண்டு என்று ஊருக்குக் காட்டியதே இந்த ஆலைதான்.

வைக்கல் எப்படிக் கடதாசியாகிறது என்பதைச் சின்ன வயதில் எங்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. வேலை முடிந்து வந்த பெரியவர்கள் திண்ணையில் இருந்து சொன்னதுதான். வைக்கலை வெட்டித் தூசு தட்டி, பெரிய இரும்புக் கொப்பரைகளில் கஸ்டிக் சோடாவோடு போட்டு நீராவியில் அவிப்பார்கள். அவிந்த கூழைக் கழுவி, குளோரினால் வெளுக்க வைத்து, அரைத்து, ஓடிக்கொண்டே இருக்கிற கம்பி வலையின் மேல் ஊற்றுவார்கள். தண்ணீர் வடிந்து கூழ் ஒரு மெல்லிய பாயாக நிற்கும். அந்தப் பாய் சூடான உருளைகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து, மற்றப் பக்கம் கடதாசிச் சுருளாக வெளியே வரும். வைக்கலின் நார் கட்டை என்பதால் தனி வைக்கலில் நல்ல கடதாசி நிற்காது, நீள நார்க் கூழை வெளிநாட்டில் இருந்து இறக்கிக் கலக்க வேண்டும். இதைச் சொல்லும்போது ஒரு மூத்தவர், "ரொட்டிக்குத் தேங்காப்பூ போடுறமாதிரிதான் மனே" என்பார். பிற்காலத்தில் வகுப்பில் இந்தப் பாடம் வந்தபோதெல்லாம் அந்த ரொட்டியைத்தான் நாங்களும் உதாரணமாகச் சொன்னோம்.

ஆனால் எழுத வந்தது ரோடுகளைப் பற்றி.

சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலால் வெளியே வருகிற நேரம் ஆலைச் சங்கு கேட்கும். சங்குக்குப் பிறகு கல்குடா ரோடு முழுக்கச் சைக்கிள். முன் கூடையில் அல்லது ஹாண்டிலில் சோற்றுப் பார்சல், பின் கரியலில் இன்னொருவர். ஓட்டமாவடிப் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள் பேத்தாழைப் பக்கத்தில் இருந்து வருகிறவர்களோடு கேற்றடியில் கலப்பார்கள். சிங்களப் பகுதிகளில் இருந்து வந்து குவாட்டர்ஸில் இருந்தவர்களும் கன பேர். எங்கள் பெரியவர்கள் பேசிய சிங்களம் எந்த வகுப்பிலும் படித்ததல்ல, மெசினுக்குப் பக்கத்தில் நின்று படித்தது.

கேற்றுக்கு வெளியே ஒரு வரிசைக் கடைகள். தேத்தண்ணிக் கடை, சைக்கிள் கடை, சலூன், சில்லறைக் கடை. எல்லாக் கடையிலும் ஒரு கடன் கொப்பி. சம்பள நாளில் அந்தக் கொப்பிகள் எல்லாம் ஒரே அந்தியில் வெட்டுப்பட்டுவிடும். அன்றைக்கு மட்டும் எங்கள் வீடுகளில் இறைச்சியும் மஸ்கத்தும். கடன் கொப்பியின் தாளும் உள்ளே ஆலையில் செய்ததாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வைக்கல் லொறிகள் வருகிற காலம் எங்களுக்குப் பெருநாள் மாதிரி. பாரம் லொறியின் இரண்டு பக்கமும் பிதுங்கி, ரோட்டோர மரக்கிளைகளில் உரசி, வழி முழுக்க வைக்கல் சிந்திக்கொண்டு போகும். ஊர் ஆடு மாடுகள் அதற்குப் பின்னால் நடக்கும், அவற்றுக்குப் பின்னால் நாங்கள். உள்ளே வைக்கல் போர்கள் வீட்டுக் கூரையை விட உயரம். மழை நனைத்தால் அழுகல் மணம், வெயில் காய்ந்தால் தீப்பிடிக்கும் பயம். அந்த வளவுக்கு அருகே பீடி குடித்தவரை ஓடோட விரட்டிய கதை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லப்படும்.

குவாட்டர்ஸ் பக்கம் வேறு உலகம். ஒரே அளவில் கட்டிய வீடுகள், நேர்கோட்டு ஒழுங்கைகள், வெள்ளை அடித்த கல், மாமரம். எங்கள் ஊர் ஒழுங்கைகள் வளவு வேலி போன போக்கில் வளைந்து போகிறவை. நேரான தெருவை நாங்கள் முதலில் பார்த்தது அங்கேதான். தீபாவளிக்கு அங்கிருந்து பலகாரம் வரும், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இங்கிருந்து சாப்பாடு போகும். ஒரே ஷிப்டில் வேலை செய்கிற மனிசருக்கு அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. அதற்கு 'இன நல்லிணக்கம்' என்று பெயர் வைத்துக் கூட்டம் போடுகிற காலம் பின்னுக்குத்தான் வந்தது.

ஒரு சின்ன இடைக் கதை. 'கடதாசி' என்ற சொல் போர்த்துக்கீசர் விட்டுப் போனது என்பார்கள் சிலர், அறபியின் 'கிர்தாஸ்' என்பார்கள் வேறு சிலர். அல்குர்ஆனில் அல்அன்ஆம் அத்தியாயத்தில் கிர்தாஸ் என்ற சொல் வருகிறது. சீனத்தில் பிறந்த இந்தக் கைத்தொழில் சமர்கந்து வழியாக வந்து, 8ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பக்தாதிலும் நடந்தது. புத்தகப் படி எடுப்பவர்களுக்கும் கடதாசி விற்பவர்களுக்கும் அங்கே ஒரு தனிக் கடைத்தெருவே இருந்தது. அந்தத் தெருவும் இன்று இல்லை.

ஆலையைப் பற்றி இனிப்பாக மட்டும் எழுதினால் ஆற்றில் வலை போட்டவர்கள் எங்களை மன்னிக்கமாட்டார்கள். வைக்கல் அவித்த தண்ணீர் கறுப்பாகத்தான் வெளியேறும். மரக்கூழ் ஆலைகளில் அந்தக் கறுத்த தண்ணீரைக் காய்ச்சிச் சோடாவைத் திரும்ப எடுப்பார்கள். வைக்கலில் மணற்சத்து அதிகம், குழாய்களை அது அடைத்துவிடும், அந்த வேலை இலேசில் நடக்காது. ஆகவே அது ஆற்றுக்குப் போனது. வாழைச்சேனை ஆறு நுரை தள்ளியதையும், இறால் பிடிக்கிறவர்கள் வலையை மணந்து பார்த்துவிட்டு ஏசியதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். ஒரே வீட்டில் அண்ணன் ஆலையில், தம்பி தோணியில் என்றால், சோறு தின்கிற நேரம் கூடச் சண்டைதான். ஆலை வேண்டும், ஆறும் வேண்டும் என்று அந்தக் காலத்தில் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு.

1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளி எங்கள் கூரைகளையும் தென்னைகளையும் கொண்டுபோனது. விடிந்து பார்த்தால் வேலிகளில் எல்லாம் வைக்கல் தொங்கியது. அதில் இருந்து ஊர் எழும்பியது. பின்னால் வந்ததில் இருந்து எழும்பவில்லை.

1985க்குப் பிறகு சைக்கிள்கள் கேற்றடியில் பழையபடி கலக்கவில்லை. 1990இல் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்ததை நாங்கள் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. அதே காலத்தில் எங்கள் அயல் தமிழ்க் கிராமங்களிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இருந்தார்கள். ஆலை வளவுக்குள் இராணுவ முகாம் வந்தது. பலகாரம் வந்த நேர்கோட்டு ஒழுங்கைகளால் போக அடையாள அட்டை வேண்டியிருந்தது, பிறகு அட்டை இருந்தும் போக முடியவில்லை. ஓட்டமாவடியில் ரயிலும் பஸ்ஸும் ஒரே இரும்புப் பாலத்தில் மாறி மாறிப் போன காலம் அது. பாலத்தடிச் சோதனையில் இறங்கி நடந்தவர்களுக்கு அந்த இரும்பின் சூடு இப்போதும் ஞாபகம் இருக்கும். 2010இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தார்கள், பழையது ரயிலுக்கு மட்டும் என்றாயிற்று.

யுத்தம்தான் ஆலையைக் கொன்றது என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதி உண்மை. 1977க்குப் பிறகு இறக்குமதிக் கடதாசி தாராளமாக வந்தது. 1970களின் பிற்பகுதியில் எம்பிலிப்பிட்டியவில் இரண்டாவது ஆலை எழுந்தது, அதுவும் பிறகு இழுத்து மூடப்பட்டது. அங்கே எங்களுக்கு நடந்த மாதிரி யுத்தம் நடக்கவில்லையே. மெசின்கள் கிழடானதும், வைக்கல் சேர்க்கிற செலவு ஏறியதும், மாற்றி மாற்றி வந்த அரசாங்கங்கள் பார்த்துக்கொண்டு இருந்ததும் மற்றப் பாதி. வேலை இழந்தவர்களுக்கு எது பாதி, எது முழுசு என்பதில் வித்தியாசம் இருக்கவில்லை. சிலர் சவூதி, கட்டார் என்று போனார்கள். சிலர் மீன் ஏலத்துக்கு. இன்னும் சிலர் கடைசி வரை நிலுவைக் காசுக்கான கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்து மவுத்தானார்கள்.

2021இன் தொடக்கத்தில், கழிவுக் கடதாசியை மூலப்பொருளாகக் கொண்டு ஆலை திரும்பவும் ஓடத் தொடங்கியது. நல்ல செய்திதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சைக்கிள் கூட்டம் அதற்கு வரப்போவதில்லை. அதே வருடம் மார்ச் மாதத்தில் இருந்து நாடு முழுக்க எங்கள் ஊரின் பெயர் வேறு ஒரு காரணத்துக்காகச் சொல்லப்பட்டது. கொவிட்டில் மவுத்தான முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு வந்தன. கடதாசியால் தெரிந்த ஊர் மையவாடியால் தெரிகிற ஊராயிற்று.

அதற்கு அடுத்த வருடம், 2022 மார்ச்சில், மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைப் பிற்போட்டார்கள். வினாத்தாள் அடிக்கக் கடதாசி இல்லை, கடதாசி வாங்க டொலர் இல்லை. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவரும் பேசவில்லை. பிறகு, ஆலைத் தொழிலாளியின் மகளான ஒரு டீச்சர், "எங்கட வாப்பா இருந்திருந்தா வாய்விட்டுச் சிரிச்சிருப்பாரு" என்றார். பாவித்த தாள்களின் பின்பக்கத்தில் வினா எழுதிக் கொடுத்து நாங்கள் அந்தத் தவணையை ஓட்டினோம். வட்டைகளில் வைக்கல் வழமைபோல எரிந்துகொண்டிருந்தது.

இப்போது விசயத்துக்கு வருகிறோம். எங்களிடம் ஆலையின் படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. இருந்தவை சூறாவளியில், இடம்பெயர்வில், 2004 கடலில் போய்விட்டன. குவாட்டர்ஸ் ஒழுங்கைகளுக்கு வாயால் வழங்கிய பெயர்கள் இருந்தன, அவற்றில் பல எங்கள் நினைவில் இருந்தும் நழுவுகின்றன. ஷிப்ட் அட்டை, சம்பளச் சிட்டை, ஆலைத் தாள் சுற்றி வந்த உறை, திருமண அல்பத்தின் ஓரத்தில் தெரிகிற கேற், எது கிடந்தாலும் சரி. கிழிந்தது என்று எறியாதீர்கள். வீட்டில் ஆலையில் வேலை செய்த பெரியவர் இருந்தால், வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பக்கத்தில் இருந்து, கேற்றில் இருந்து வைக்கல் வளவு வரைக்கும் வலப்பக்கம் என்ன இருந்தது, இடப்பக்கம் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு போனில் பதிந்துகொள்ளுங்கள். பேத்தாழை, கறுவாக்கேணிப் பக்கத்து உறவுகளே, உங்கள் அப்பாமார் நடந்த பாதி எங்களுக்குத் தெரியாது, எங்கள் வாப்பாமார் நடந்த பாதி உங்களுக்குத் தெரியாது. முதலில் கேற்றடித் தேத்தண்ணிக் கடைகளின் வரிசையைச் சரி பார்ப்போம். சைக்கிள் கடைக்கு முதலா, சலூனுக்குப் பிறகா என்பதில் எங்களுக்குள்ளேயே இப்போது இரண்டு கட்சி.