நான்கின் வீட்டில் மூன்று

மிருதங்கக் கலைஞர் ஒருவர், தகதிமி என்று நான்கு நான்காக ஓடிக்கொண்டிருக்கும் நடையைத் தகிட என்னும் மும்மை நடைக்குத் திருப்பும்போது அவையிலுள்ளோர் தம்மையறியாமல் தலையசைக்கின்றனர். தாளம் போடும் கை விரையவும் இல்லை; தளரவும் இல்லை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைப்பட்ட காலம் முன்னிருந்தவாறே இருக்கின்றது. அக்காலத்தை நான்காகப் பகுத்த விரல்கள் இப்போது மூன்றாகப் பகுக்கின்றன. அவ்வளவே. மனிதக் கைக்குப் பல்லாண்டுப் பயிற்சியால் வந்து சேரும் இத்திறம், நான்கு நான்காக எண்ண மட்டுமே கற்பிக்கப்பட்ட ஒரு பொறிக்கு எவ்வாறு வாய்க்கும்? இது வெறும் கற்பனை வினா அன்று. 1980-களின் இறுதியில், ஐரோப்பிய இல்லங்கள் பலவற்றில், கணிப்பொறியின் முன் கண் விழித்திருந்த இளைஞர்கள் உண்மையாகவே எதிர்கொண்ட வினாவாகும்.

1985-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அமிகா என்னும் கணிப்பொறியில் ஒரே நேரத்தில் நான்கு ஒலித்தடங்களை இசைக்கவல்ல சில்லு ஒன்று இருந்தது. அதனை ஆளுவதற்கு, செருமானியரான கார்ஸ்டன் ஓபார்ஸ்கி என்பவர் 1987-இல் 'அல்டிமேட் சவுண்டுடிராக்கர்' என்னும் நிரலை உருவாக்கினார். விற்பனையில் அது பெயர் பெறவில்லை. ஆயினும் அதனைப் பிரித்துப் பார்த்துத் திருத்தி, கூட்டி, வேறு பெயரிட்டுப் பரப்பியவர் பலர். 1990-ஐ ஒட்டி வந்த 'புரோடிராக்கர்' அவ்வழித்தோன்றல்களுள் புகழ் மிக்கது. டிராக்கர் என்ற சொல் ஒரு மென்பொருளின் பெயரிலிருந்து ஓர் இனத்தின் பெயராக வளர்ந்தது இவ்வாறுதான்.

டிராக்கரின் திரையைப் பார்ப்பவருக்கு இசை நினைவுக்கு வாராது. கணக்குப்பிள்ளையின் பேரேடுதான் நினைவுக்கு வரும். நான்கு பத்திகள், மேலிருந்து கீழாக அறுபத்து நான்கு வரிகள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சுரத்தின் பெயர், ஒரு கருவியின் எண், ஒரு கட்டளை. பாட்டு ஒலிக்கையில் இந்த ஏடு கீழிருந்து மேலாக ஓடுகின்றது. வரிகள் அறுபத்து நான்கு என்பதால், நான்கு வரிக்கு ஒரு தட்டு, பதினாறு வரிக்கு ஒரு முழு அளவு என்று எல்லாம் நான்கின் மடங்காகவே அமைந்துவிடுகின்றன. பொறியின் உள்ளம் இரண்டின் அடுக்குகளால் ஆனது. அதன் ஏடும் அவ்வாறே ஆயிற்று. மூன்று என்னும் எண்ணுக்கு அந்த வீட்டில் திண்ணைகூட இல்லை.

சுவீடனிலோ நார்வேயிலோ வாழ்ந்த ஓர் இளைஞனை எண்ணிக்கொள்ளலாம். அவனுடைய பாட்டனார் அக்கார்டியன் வாசித்தவர். அவர் வாசித்த ஆடற்பாடல்கள் மும்மை நடையில் துள்ளியவை. பாட்டனார் மறைந்தபின் அவற்றுள் ஒன்றைத் தன் அமிகாவில் எழுதிவைக்க அவன் விழைகின்றான். அடிநாதமும் பறையொலியும் தன் காலத்துக்கேற்ப நான்கில் நடக்க வேண்டும். பாட்டனாரின் மெட்டு மட்டும் அதன்மேல் மூன்றில் மிதக்க வேண்டும். ஆசை சிறியதுதான். ஆனால் திரையில் ஒரு தட்டுக்கு நான்கு வரிகளே உள்ளன. மூன்று சுரங்களை எங்கே வைப்பது?

முதலில் எவரும் செய்வதையே அவனும் செய்கின்றான். இரண்டு தட்டுகளுக்குரிய எட்டு வரிகளில், சுழியம், மூன்று, ஆறு என்னும் வரிகளில் சுரங்களை இடுகின்றான். மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிந்து ஒலிக்கும் அந்த நடை மிக இனியது; உலகெங்கும் மக்கள் ஆடிக் களித்த நடையும்கூட. எனினும் அது பாட்டனாருடையது அன்று. மும்மை போலத் தொடங்கி, கடைசிச் சுரத்தில் கால் இடறிவிடுகின்றது. கேட்டுப் பழகிய காது ஏமாறுவதில்லை.

வரிக்குள் இன்னொரு சிறு காலக்கூறு உண்டு என்பதை அவன் பிறகே அறிகின்றான். டிக் எனப்படும் அத்துடிப்பு, ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்கேற்ப, நொடிக்கு 50 முறை நிகழ்வது. பொதுவாக ஒரு வரிக்கு ஆறு துடிப்புகள். எனவே ஒரு வரி ஒரு நொடியின் 1000 பங்கில் 120 பங்கு நீளும். நான்கு வரிகொண்ட ஒரு தட்டு 480 பங்கு நீளும். நிமிடத்துக்கு 125 தட்டுகள். ஒரு தட்டுக்குரிய துடிப்புகளைக் கூட்டினால் இருபத்து நான்கு. இருபத்து நான்கு என்பது நான்காலும் வகுபடும், மூன்றாலும் வகுபடும்! ஆறு என்னும் எண்ணைத் தேர்ந்தவர் மும்மை நடையை நினைத்துத் தேர்ந்தாரோ இல்லையோ, அடைத்த வீட்டில் ஒரு சாளரம் திறந்துதான் இருந்தது. வரிக்கு ஐந்து துடிப்பு என்று இருந்திருப்பின் தட்டுக்கு இருபதே அமையும். அதனை ஏழு, ஆறு, ஏழு என்று கோணலாகத்தான் பங்கிட முடியும்.

இப்போது வழிகள் தோன்றுகின்றன. ஒவ்வொரு வழியும் தனக்குரிய விலையைக் கேட்கின்றது. 'எப்.08' என்று கட்டளையிட்டால் வரிக்கு எட்டுத் துடிப்பு ஆகும். மூன்று வரிகளில் இருபத்து நான்கு நிறைவுறும். மும்மை துல்லியமாக ஒலிக்கும். ஆனால் வேகம் என்பது ஒரு தடத்துக்கு உரியதன்று. பாட்டு முழுமைக்கும் உரியது. மெட்டை மூன்றாக்கிய அதே நொடியில் அடிநாதமும் பறையும் மூன்றாகிவிடுகின்றன. ஒருவர் நடையை மாற்றினால் மேடையிலுள்ள நால்வரும் மாற்றியாக வேண்டும் என்பது எத்தகைய கச்சேரி!

தட்டுக்கு ஆறு வரி, வரிக்கு நான்கு துடிப்பு என்று வைத்தாலும் கணக்கு ஒக்கும்; அப்போது மும்மைக்கு இடம் கிடைத்து, நான்குக்கு இடமில்லாமற் போகும். தட்டுக்குப் பன்னிரண்டு வரி, வரிக்கு இரண்டு துடிப்பு என்று வைத்தால் மூன்றும் நான்கும் ஒரே ஏட்டில் உடன்பிறந்தார் போல் அமரும். ஆனால் நாற்பத்தெட்டு வரிகளில் ஏட்டை முறித்துக்கொள்ள வேண்டும். முன்பு பதினாறு தட்டுகளைத் தாங்கிய ஏடு நான்கை மட்டுமே தாங்கும். ஏடுகள் நான்கு மடங்காகும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவியலாத இழப்பு வேறொன்று உண்டு.

சில்லிசைக்கே உரிய அடையாளம் ஒன்றை இங்கே விளக்கியாக வேண்டும். ஒரு தடம் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே இசைக்கும். மூன்று சுரங்கள் கூடிய இணைவை அத்தடத்தில் எழுப்ப வேண்டுமாயின், அம்மூன்றையும் துடிப்புக்கு ஒன்றாக மாற்றி மாற்றி ஓட்டுவர். ஆர்பெஜியோ என்னும் கட்டளை இதற்கானது. தனித்தனிச் சுரங்களாகக் காதில் விழாமல் குமிழியிடும் நீர்போல அது ஒலிக்கும். வறுமையில் பிறந்த அழகு எனலாம். வரிக்கு ஆறு துடிப்பு உள்ளபோது இச்சுழற்சி இரண்டு முறை நிறைவாகச் சுற்றும். எட்டாக்கினால் மூன்று, மூன்று, இரண்டு என்று சுற்று முறிந்து, மூன்றாம் சுரம் மெலியும். இரண்டாக்கினாலோ, ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு சுரங்கள் ஒலித்தவுடன் வரி முடிந்து சுழற்சி மறுபடியும் தொடக்கத்துக்குப் போய்விடும். மூன்றாம் சுரம் ஒருபோதும் பிறப்பதே இல்லை. தாளத்தில் மூன்றைப் பெறுவதற்குப் பண்ணில் மூன்றை இழக்க வேண்டும் என்பது அவ்விளைஞனுக்கு நேர்ந்த இக்கட்டு.

எஞ்சியுள்ள வழியே பெரும்பாலோர் கைக்கொண்டது. வேகத்தைத் தொடுவதில்லை, வரிகளையும் கூட்டுவதில்லை. முதற்சுரத்தை முதல் வரியின் தலையில் வைப்பது. இரண்டாம் சுரத்தை இரண்டாம் வரியில் 'ஈ.டி.2' என்னும் கட்டளையுடன் வைப்பது. மூன்றாம் சுரத்தை மூன்றாம் வரியில் 'ஈ.டி.4' உடன் வைப்பது. சுரம் இத்தனை துடிப்பு தாழ்த்துப் புறப்படட்டும் என்பதே கட்டளையின் பொருள். ஆறும் இரண்டும் எட்டு. பன்னிரண்டும் நான்கும் பதினாறு. சுழியம், எட்டு, பதினாறு என்று மூன்று சுரங்களும் தத்தம் இடத்தில் வந்து நிற்கின்றன. அடுத்த தடத்தில் பறை தன்பாட்டுக்கு நான்கில் நடக்கின்றது. ஏட்டைப் பார்த்தால் சுரங்கள் முதல் மூன்று வரிகளில் நெருக்கியடித்து, நான்காம் வரி வெறுமையாகக் கிடக்கும். கண்ணுக்குத் தவறாகவும் காதுக்குச் சரியாகவும் உள்ள எழுத்து அது. தாழ்த்தும் எண்ணை ஆறாகவோ அதற்கு மேலாகவோ இட்டுவிட்டால் அந்தச் சுரம் ஒலிக்கவே ஒலிக்காது என்பதைப் பலர் பட்டே அறிந்தனர்.

இங்கும் ஒரு தடை உண்டு. ஒரு கட்டத்தில் ஒரு கட்டளைக்கே இடம். 'ஈ.டி' அமர்ந்த இருக்கையில் ஆர்பெஜியோ அமர முடியாது. ஆகவே முதற்சுரம் தன் இணைவோடு மின்னும். மூன்றாம் சுரம் வெறும் சுரமாகப் புறப்பட்டு, வெறுமையாகக் கிடந்த நான்காம் வரியில் இணைவை மீண்டும் பெறும். இடைப்பட்ட சுரம் மட்டும் தான் வாழும் எட்டுத் துடிப்புகளும் 'ஈ.டி' அமர்ந்த இரு வரிகளுக்குள்ளேயே கழிவதால் முற்றிலும் தனியாக நிற்கும். அண்ணன் தம்பிக்கு நடுவே அணிகலன் இல்லாமல் நிற்கும் பெண்பிள்ளை போல. இதற்கும் ஒரு மாற்றுக் கண்டனர். இணைவையே முன்கூட்டி ஒரே ஒலித்துண்டாகப் பதிந்து, தனியொரு கருவியாக வைத்துக்கொள்வது. கட்டளை இடம் விடுதலை பெறும். குமிழியிடும் அழகு மட்டும் போய்விடும். நினைவகத்திலும் அது கூடுதல் இடம் கேட்கும்.

பிற்கால மென்பொருள்களில் இத்தொல்லைகள் பெரிதும் நீங்கின. தட்டுக்கு எத்தனை வரி என்பதை ஆக்குவோரே வகுத்துக்கொள்ளலாம். தாழ்த்துவதற்கென்றே தனிப் பத்தியுள்ளவையும் உண்டு. ஆயினும் பழைய சிறு சில்லுகளை விரும்பித் தேடுவோர் குறைந்தபாடில்லை. 1989-இல் வந்த கேம்பாய் என்னும் கையடக்க விளையாட்டுப் பொறிக்குச் சுவீடன் நாட்டவரான யோஹான் கொட்லின்ஸ்கி ஆக்கிய 'லிட்டில் சவுண்டு டிஜே'யில் 'குரூவ்' என்றொரு பக்கம் உள்ளது. எந்தப் படிக்கு எத்தனை துடிப்பு என்பதை அங்கே வரிசையாக எழுதலாம். ஆறு, ஆறு என்றிருப்பதை எட்டு, நான்கு என்று மாற்றினால் கூட்டுத்தொகை பன்னிரண்டாகவே நிற்கும். ஆனால் நேராக நடந்த பாட்டு ஊஞ்சலாடத் தொடங்கும். மும்மையில் நடுச்சுரத்தை விழுங்கிவிட்டால் எஞ்சும் நடையே அது.

அந்த இளைஞன் எவ்வழியைக் கொண்டிருப்பான்? பாட்டனாரின் மெட்டில் இணைவுகள் நிறைந்திருந்தால் ஒலித்துண்டை நாடியிருப்பான். தனிச்சுர மெட்டாயின் 'ஈ.டி' போதும். இரண்டு எண்களை, இரண்டும் நான்கும் என்று, ஒவ்வொரு தட்டுக்கும் மறவாமல் தட்டச்சிட வேண்டும். ஓர் ஏட்டுக்குப் பதினாறு தட்டு. ஓரிடத்தில் நான்குக்கு மாறாக மூன்று என்று விழுந்துவிட்டால், அந்தச் சுரம் நொடியின் 1000 பங்கில் 20 பங்கு முந்திவிடும். திரையில் அப்பிழை எளிதில் தென்படாது. ஏட்டை மறுபடியும் மேலிருந்து ஓடவிட்டு, கண்களை மூடிக்கொண்டு, பாட்டனாரின் கால் தரையில் தட்டிய ஒலியோடு ஒப்பிட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.