அலிபிரியும் சேஷாசலமும்

வேலூர்க்காரனுக்குத் திருப்பதி வெளிமாநிலமே இல்லை. காட்பாடியில் பஸ் ஏறினால் சித்தூர், அப்புறம் மலைதான். நியூ ஜெர்சிக்கு வந்த பிறகும், ஊருக்குப் போனால் முதல் ட்ரிப் அங்கேதான்.

அந்த மலையடிவாரத்தில், அலிபிரியில், 2003 அக்டோபர் 1 அன்று மக்கள் யுத்தக் குழு வைத்த கண்ணிவெடி வெடித்தது. பிரம்மோற்சவத்துக்குப் போன முதல்வர் சந்திரபாபு நாயுடு காயத்தோடு தப்பினார். பொடா சட்டம் இருந்த காலம் அது. "போலீஸுக்கு இன்னும் அதிகாரம் கொடுக்கணும்ப்பா" என்று எங்கள் பாட்லக் மேஜைகளில் சொல்லாதவர்கள் குறைவு. (இங்கே பேட்ரியாட் சட்டத்தை மட்டும் திட்டுவோம். ஏர்போர்ட்டில் ஓரமாக நிற்க வைப்பது நம்மையாச்சே!)

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் செம்மரக் கும்பல் இரண்டு வனத்துறை அதிகாரிகளைக் கொன்றது. கொடுமைதான். அப்புறம் தனி அதிரடிப்படை வந்தது. 2015 ஏப்ரல் 7 விடியற்காலை அது 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லோரும் நம்மூர் மலைக்கிராமங்களிலிருந்தும் சுற்றுப்பட்டிலிருந்தும் போன கூலிகள். கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். ஆனால் கூட வந்தவர்களை முன்தினமே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று ஒருவர் மனித உரிமை ஆணையத்திடம் சாட்சி சொன்னார். ஒரு பெண்மணி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தப்பித்தவர் அவர். அப்போதும் ஆந்திர முதல்வர் நாயுடுதான்.

ஆபீஸில் சித்தூர் நண்பர், "காட்டுக்குள்ள எதுக்குப் போனாங்க?" என்றார். "மரம் வெட்டினா ஜெயில் இருக்கே, துப்பாக்கி எதுக்குங்க?" என்றேன். பதில் வரவில்லை. ஊரிலிருந்து வந்த லட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினார்.