வழியிடைத் தரிசனம்

பணி நிமித்தம் ஊர் ஊராகச் செல்வோருக்கு ஒரு மனக்குறை உண்டு. இல்லத்தில் விளக்கேற்றும் வேளையில் அவர்கள் அங்கே இருப்பதில்லை. ஆலயத்தில் தீபாராதனை நிகழும்போது ஏதோவொரு பேருந்தில் அமர்ந்திருப்பர்.

நாகர்கோவிலைச் சேர்ந்த மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவருக்கும் அக்குறை இருந்தது. ஒருநாள் மாலை, திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் வழியில், அன்னையார் தொலைபேசியில் அழைத்தார்.

“விளக்கேத்திட்டேன் மக்களே, கும்பிட்டுக்கோ.”

“பஸ்ஸுல இருக்கேம்மா. இங்க கோயில் எங்க இருக்கு?”

“சூரியன் தெரியுதுல்லா? அவரைக் கும்பிடு.”

அவர் நிமிர்ந்து நோக்கினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டில் செம்பொன் தாம்பாளமெனக் கதிரவன் இறங்கிக்கொண்டிருந்தான். கரங்கள் தாமே குவிந்தன.

அன்னையார் புதிதாக எதையும் கூறிவிடவில்லை. திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றியே சிலப்பதிகாரம் தொடங்குகிறது. பகலும் இரவும் கூடும் சந்தி வேளைகளை வழிபாட்டுக்குரியவையாக நம் முன்னோர் வகுத்தனர். குமரிமுனையில் உதயமும் அஸ்தமனமும் கடலிலேயே காணக் கிடைக்கின்றன. சித்திரா பௌர்ணமி மாலையிலோ, ஒருபுறம் சூரியன் மறைய, மறுபுறம் முழுநிலவு எழுவதைக் காண அன்பர்கள் திரள்கின்றனர்.

இப்பொழுதெல்லாம் விடியற்காலைப் பேருந்தில் அவர் வலப்புறச் சன்னலோரத்தையே நாடுகிறார். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கையில், சுழலும் காற்றாலைகளுக்கு அப்பால் செங்கதிர் எழுகிறது. பையில் மருந்து மாதிரிகள். அன்று எட்டவேண்டிய விற்பனை இலக்கோ மனத்தில். ஆயினும் அந்தச் சில நிமிடங்கள் இறைவனுக்கே உரியவை.

மாலையில் அன்னையார் ஏற்றும் அகல்விளக்கும் மகன் காணும் அந்திச் சூரியனும் ஒரே வேளையில் ஒளிர்கின்றன. தொலைவு அங்கே பொருட்டாவதில்லை.