இஸ்ரேலில் அண்ணனோடு எட்டு நாள் சாப்பாடு

என் அண்ணன் 1962இல் ஒப்சியோன் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக்காரர் ஆனார். எனக்கு அப்போது வயது வராததால் அப்பாவோடு இந்தியன். புதுவைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரே வீட்டில் இரண்டு பாஸ்போர்ட் இருந்த குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். அவர் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனார். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்த படிப்பை வைத்துக்கொண்டு ஆங்கிலக் கோப்புகளோடு முப்பத்தெட்டு வருடம் மல்லுக்கட்டி, குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றேன்.

1988இல் அம்மா இறந்தபோது அவர் வரவில்லை. தந்தி கொடுத்தேன்; பதில் தந்திதான் வந்தது. அந்தக் கோபத்தில் நான்கு பக்கம் கடிதம் எழுதினேன், பிரெஞ்சில். தமிழில் எழுதியிருந்தால் அவ்வளவு கடுமையாக எழுத வந்திருக்காது. அதற்குப் பிறகு முப்பது வருடம் நோயேலுக்கு ஒரு வாழ்த்து அட்டை, அவ்வளவுதான் எங்கள் உறவு.

2018இல் ஒருநாள் போன் செய்தார். "தம்பி, எனக்கு எழுபத்தொன்பது ஆகுது. புண்ணிய பூமியப் பாக்கணும்னு ஆசை. அங்க ஒரு வீட்ல சாப்பிடவும் கூப்பிட்டிருக்காங்க. நீயும் வாயேன்" என்றார். அவர் இருப்பது பாரிஸ் பக்கத்தில் சர்செல். அங்கே துனிசியா, அல்ஜீரியா, மொராக்கோவிலிருந்து வந்த யூதர்கள் நிறைய. அவருடைய மாடிக்கு அடுத்த மாடியில் இருபது வருடம் குடியிருந்த ஒரு துனிசிய யூதத் தம்பதி, ஓய்வுக்குப் பிறகு இஸ்ரேலில் நெத்தான்யா என்ற கடற்கரை ஊருக்குப் போய்விட்டார்களாம். அவர்கள் அழைப்புதான் அது.

நவம்பரில் அவர் பாரிஸிலிருந்து வந்தார். நான் டெல்லி போய் ஏர் இந்தியாவில் டெல் அவீவ் போனேன். அந்த வருடம் மார்ச்சில்தான் சவுதி வான்வழியாக அந்த விமானம் ஓட ஆரம்பித்திருந்தது. எருசலேமிலும் கலிலேயாவிலும் கண்ட கோயில்களைப் பற்றி வேறொரு சமயம் எழுதுகிறேன். இது சாப்பாட்டுக் கதை.

முதல் நாள் ஹோட்டலில் காலைச் சிற்றுண்டியைப் பார்த்து அசந்துபோனேன். மேசை முழுக்கப் பச்சைக் காய்கறி. வெள்ளரி, தக்காளி, குடைமிளகாய் எல்லாம் பொடிப்பொடியாக நறுக்கி எலுமிச்சையும் ஒலிவ எண்ணெயும் விட்ட சாலட். காலை ஏழு மணிக்குப் பச்சை வெங்காயம்! பாலாடைக்கட்டி ஏழெட்டு வகை, லப்னே என்ற கெட்டித்தயிர், உப்பில் ஊறிய மீன், ஒலிவக்காய். தக்காளிக் குழம்பிலேயே முட்டையை உடைத்து ஊற்றி வேகவைத்த ஷக்ஷுகாவும் இருந்தது. அதைப் பார்த்ததும் நம் வீட்டு முட்டைக் குழம்பு ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு துண்டு இறைச்சி கிடையாது. அண்ணன் ஜாம்போன் தேடினார். பன்றி இறைச்சிக்கு அங்கே இடமில்லை என்பது தெரிந்ததுதான். பால் பொருள் இருக்கும் வேளையில் வேறு எந்த இறைச்சியும் கூடாது என்பது எங்களுக்குப் புதிது.

அது எவ்வளவு கறாரான விதி என்று மறுநாள் ராத்திரி புரிந்தது. ஆட்டுக்கறி சாப்பிட்டு முடித்துவிட்டுப் பழக்க தோஷத்தில் பால் விட்டுக் காபி கேட்டேன். பரிமாறிய பையன் சிரித்துக்கொண்டே பால் இல்லை என்றான். கடையில் பாலே இல்லையா என்று கேட்டேன். கறி சமைக்கும் அடுப்படியில் பால் நுழையாது, பாத்திரம்கூடத் தனித்தனி என்றான். கறுப்புக் காபியைக் குடித்துவிட்டு வந்தேன். நம் வீடுகளில் சைவத்துக்கு ஒரு சட்டி, மீனுக்கு ஒரு சட்டி வைத்திருந்த பாட்டிமார்களுக்கு அந்த ஊரில் வேலை கற்றுக்கொடுக்க வேண்டியிருக்காது.

யாப்பாவில் ஹம்முஸ் சாப்பிட்டோம். ஊறவைத்த கொண்டைக்கடலையைக் குழைய வேகவைத்து, எள்ளை அரைத்த தஹினியும் பூண்டும் எலுமிச்சையும் சேர்த்து வெண்ணெய் மாதிரி மசிப்பது. வெதுவெதுப்பாகக் கிண்ணத்தில் வைத்து நடுவில் ஒலிவ எண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். கரண்டி வேண்டாம், பீத்தா ரொட்டியால் வழித்துச் சாப்பிடலாம். காலையில் வைத்த அண்டா தீர்ந்தால் மத்தியானமே கடையை மூடிவிடுகிறார்கள். கடைக்காரர் அரபுக்காரர், சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் யூதர்கள். இந்தப் பண்டம் யாருடையது என்று அந்த நாட்டில் பெரிய சண்டையே நடக்கிறது. சண்டை பண்டத்தைப் பற்றி மட்டுமல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்று அந்த மேசையில் எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தார்கள்.

இனி ஒயினுக்கு வருகிறேன். நான் குடிகாரன் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அப்பா எங்கள் கிளாஸில் தண்ணீர் ஊற்றி அதில் நிறம் மாறுமளவு வேன் ரூழ் விடுவார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒயின் என்றால் எனக்கு அந்த ரோஜா நிறத் தண்ணீர்தான். இப்போது சர்க்கரை வேறு இருப்பதால் இரண்டு வாய்க்கு மேல் டாக்டர் உத்தரவு கிடையாது.

எருசலேமுக்கும் டெல் அவீவுக்கும் இடையில் லத்ரூன் என்ற இடத்தில் ஒரு மடம் இருக்கிறது. 1890இல் பிரான்சிலிருந்து வந்த திராப்பிஸ்த் துறவிகள் ஏற்படுத்தியது. அதிகம் பேசாமல் உழைப்பது அவர்கள் சபையின் வழக்கம். கொடி வளர்த்து ஒயினும், ஒலிவ எண்ணெயும் செய்து விற்கிறார்கள். வாசல் கடையில் அண்ணன் "போன்ழூர்" என்று ஆரம்பித்தார். அப்புறம் நானும். லிசேயில் அடி வாங்கிக் கற்ற வினைச்சொற்கள் எல்லாம் ஐம்பது வருடம் கழித்து வரிசையாக வந்து நின்றன. அண்ணன் திரும்பிப் பார்த்து, "உன் பிரெஞ்சு இன்னும் கடுதாசி பிரெஞ்சாவே இருக்குடா" என்றார். எந்தக் கடுதாசி என்று நான் கேட்கவில்லை.

அந்த நாட்டு ஒயினில் பிரெஞ்சுக் கை நிறைய இருக்கிறது. 1880களில் ரிஷோன் லெசியோன் என்ற குடியேற்றத்தில் தண்ணீருக்கே வழியில்லாமல் தவித்தவர்களுக்குப் பாரிஸிலிருந்த எட்மோன் தெ ரோத்ஷில்ட் பிரபு பணம் கொடுத்தார். அவருடைய அப்பா ஜேம்ஸ்தான் 1868இல் போர்தோவில் ஷத்தோ லாஃபித்தை வாங்கியவர். அதனால் மகன், கோதுமை சரிவராத இடத்தில் திராட்சை போடச் சொல்லி, பிரான்சிலிருந்து கொடிகளையும் அதைத் தெரிந்த ஆட்களையும் அனுப்பினார். பெரிய நிலவறைகள் கட்டினார். வேர்ப்பூச்சி வந்து கொடிகள் செத்தபோது, பிரான்சில் செய்த மாதிரியே அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டார்கள். பிரபு 1934இல் இறந்தார். 1954இல் அவர் உடலைக் கொண்டுவந்து ஸிக்ரோன் யாகோவ் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். இன்று கோலான் மேட்டின் கறுப்பு மண், யூதேயா மலைகள், கலிலேயா என்று எங்கும் கபெர்னே, மெர்லோ கொடிகள்தான். (கோலான், 1967 யுத்தத்தில் சிரியாவிடமிருந்து பிடித்த நிலம். பாட்டில் மேல் அந்தச் சேதி இருக்காது.)

கலிலேயாவில் ஒரு ஒயின் ஆலைக்குப் போனோம். பெயர் வேண்டாம். கொடி நட்டு முதல் மூன்று வருடக் காயைத் தொடுவதில்லை, ஏழாவது வருடம் நிலத்துக்கே ஓய்வு என்றெல்லாம் அழகாக விளக்கினார்கள். ருசி பார்க்கும் மேசையில் ஆளுக்கு ஒரு வாய் ஊற்றினார்கள். நல்ல ஒயின். அண்ணன் கிளாஸ் காலியாக இருந்தது. பாட்டில் என் கைக்கெட்டும் தூரத்தில் திறந்து இருந்தது. தம்பி அண்ணனுக்கு ஊற்றுவது நமக்கு இயல்புதானே? எடுத்தேன். பரிமாறிய இளைஞர் ஓடிவந்து பாட்டிலை என் கையிலிருந்து வாங்கினார். மரியாதையாகத்தான் வாங்கினார். ஆனால் அதை மறுபடி மேசையில் வைக்கவில்லை. கீழே தனியாக வைத்துவிட்டு வேறொரு பாட்டிலைத் திறந்தார்.

யூதரல்லாதவர் கை பட்டால் ஒயின் கோஷர் இல்லாமல் போய்விடும் என்றார். பிழிவது முதல் பாட்டிலில் அடைப்பது வரை சாபாத் அனுசரிக்கும் யூதர் மட்டுமே தொடலாமாம். பழைய காலத்தில் பிற மதத்தார் விக்கிரகங்களுக்கு ஒயின் படைப்பார்கள், அந்த ஒயின் கலந்துவிடக்கூடாது என்று வந்த விதி. மூடிய பாட்டில் என்றால் தோஷமில்லை.

விதி புரிந்தது. ஆனால் எங்கள் வீட்டில் 'தொடாதே' என்ற சொல்லுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. எங்கள் கொள்ளுத்தாத்தா 1880களில் ரெனோன்சான் என்று கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுப் பெயர் வாங்கியதே அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான். கிராமத்தில் எங்கள் ஆட்களுக்குச் சிரட்டையில்தான் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "இதப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம், எழுந்திரு" என்று தமிழில் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. முப்பத்தெட்டு வருடம் குமாஸ்தா வேலை பார்த்த வாய்.

காரில் அண்ணன் பேசவே இல்லை. இறங்கும்போது மட்டும், "நீ எப்பவுமே இப்படித்தான், பணிஞ்சு போயிடுவ" என்றார். "நீங்க எப்பவுமே எழுந்து போயிடுவீங்க" என்றேன். சொன்ன பிறகுதான் நான் எதைச் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

வெள்ளிக்கிழமை சூரியன் சாயும் முன்பே நெத்தான்யா வீட்டுக்குப் போனோம். இருட்டினால் அவர்கள் அடுப்பு மூட்ட மாட்டார்கள், காரும் எடுக்க மாட்டார்கள். சமைத்ததெல்லாம் ஒரு சூட்டுத் தகட்டின் மேல் ஆறாமல் இருந்தது. மதாமுக்கு என் வயது இருக்கும். அண்ணனைக் கன்னத்தில் முத்தமிட்டு வரவேற்று, என்னைப் பார்த்து, கடிதம் எழுதும் தம்பி இவர்தானா என்று பிரெஞ்சில் கேட்டார். இருபது வருட அண்டைவீட்டுக்காரியிடம் அண்ணன் எதைச் சொல்லியிருக்கிறார் என்று விளங்கியது.

வீட்டுக்காரர் வெள்ளிக் கிண்ணத்தில் ஒயினை ஏந்தி ஜெபம் சொன்னார். பின்னல் போட்ட ஹல்லா ரொட்டியைப் பிட்டு உப்புத் தொட்டுக் கொடுத்தார். தக்காளியும் மிளகாயும் போட்ட மீன் முதலில் வந்தது. அந்தக் காரம் நம் மீன் குழம்புக்கு ஒன்றுவிட்ட தங்கை. பிறகு குஸ்குஸ், அதன் மேல் பூசணியும் கொண்டைக்கடலையும் போட்ட குழம்பு, முட்டையில் தோய்த்துப் பொரித்து வேகவைத்த இறைச்சி உருண்டைகள், பக்கத்தில் ஹரிஸா என்ற மிளகாய் விழுது. துனிசியாவை விட்டு அறுபது வருடம் ஆகியும் மதாம் வெள்ளிக்கிழமை என்றால் இதைத்தான் சமைக்கிறார். வேறு எதையும் வைத்தால் வீட்டுக்காரர் பட்டினி கிடப்பாராம். முடிவில் அத்திப்பழச் சாராயம், புகா. நான் மோந்து பார்த்ததோடு சரி.

மீன் பரிமாறும்போது வீட்டுக்காரர் திறந்த ஒயின் பாட்டிலை அண்ணன் முன்னால் வைத்து, "நீங்கள் ஊற்றுங்கள்" என்றார். அண்ணன் கையை எடுக்கவில்லை. ஆலையில் நடந்ததை அவர் போனில் இவர்களிடம் கொட்டியிருக்கிறார்! மதாம் விளக்கினார்: இது மெவுஷால், அதாவது காய்ச்சிய ஒயின். காய்ச்சியதைப் பலிபீடத்துக்குப் படைக்க முடியாது, அதனால் யார் தொட்டாலும் தோஷமில்லை. இந்தக் காலத்தில் சில விநாடி மட்டும் சூடாக்கிக் குளிரவைத்துவிடுகிறார்கள். "உங்களுக்காகவே தேடி வாங்கினேன், ருசி கொஞ்சம் மட்டம்தான்" என்றார். அண்ணன் எழுந்து நின்று எல்லாருக்கும் ஊற்றினார். கை நடுங்கியது, மேசை விரிப்பில் சிந்தியது. எனக்கு ஊற்றும்போது பாதித் தண்ணீர் கலந்து, அப்பா மாதிரியே கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை டெல் அவீவில் ஒரு சந்துக் கடையில் சபீஹ் வாங்கினோம். 1950-51இல் லட்சத்துக்கும் மேற்பட்ட ஈராக் யூதர்கள் அந்த நாட்டுக்கு வந்தார்கள். சனிக்கிழமை காலையில் அவர்கள் வீட்டில் சாப்பிடும் பொரித்த கத்தரிக்காயும் அவித்த முட்டையும்தான் சபீஹ். இப்போது பீத்தாவுக்குள் அடைத்துத் தெருவில் விற்கிறார்கள். கடைக்காரர் "அம்பா?" என்று கேட்டார். மஞ்சளாக ஒரு விழுதைக் காட்டினார். மூடியைத் திறந்ததுமே மாங்காய், மஞ்சள், வெந்தயம். மாங்காய்க்கு மராத்தியில் அம்பா என்றுதான் பெயர். பம்பாயில் வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாக ஈராக்குக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்த நம் நாட்டு ஊறுகாய்.

அண்ணன் ஒரு கடி கடித்தார். "வெந்தயத்த சரியா வறுக்கல" என்றார். அம்மா சொல்வது அதே தொனி. அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"தம்பி, அம்மா கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

முப்பது வருடத்தில் இதை அவர் கேட்டதில்லை. நான் எழுதியதும் இல்லை.

"கஞ்சி. ஊறுகா கேட்டாங்க. உப்பு கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். நான் குடுக்கலண்ணே."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரரிடம் போய் இன்னொரு சபீஹ் வாங்கி, அம்பாவை நிறைய விடச்சொல்லி, பாதியாகப் பிட்டு என் கையில் கொடுத்தார். சர்க்கரையையும் உப்பையும் மறந்து அதைத் தின்றேன்.

ஊருக்குப் புறப்படும்போது ஆளுக்கு ஒரு பாட்டில் அம்பா வாங்கினோம். அவருடையது பத்திரமாக சர்செல் போய்ச் சேர்ந்தது. என்னுடையது பெட்டிக்குள் கசிந்து, வெள்ளைச் சட்டை ஒன்று மஞ்சளாகிவிட்டது. மகள் எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. மிச்சமிருந்த ஊறுகாயைப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு இரண்டு வாரத்தில் காலி செய்தேன். அண்ணன் இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் செய்கிறார். போன வாரம், அம்மா மாங்காயை வெயிலில் எத்தனை நாள் காயவைப்பார் என்று கேட்டார். எனக்கும் நினைவில்லை, வில்லியனூரில் இருக்கும் சித்தியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.