பூட்டும் சாவியும்

அப்பா பிரெஞ்சில் எழுதிய நாற்பது கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. வீட்டில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பேரப்பிள்ளைகளுக்காக அவற்றைத் தமிழில் எழுதி வைக்க உட்கார்ந்தேன். ஆறு மாதத்தில் முடிந்தவை மூன்றே மூன்று. ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கச் செல்போனை எடுப்பேன். யூடியூப் ஷார்ட்ஸில் போய் நிற்பேன்.

ஆண்ட்ராய்டு போனில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்று ஒன்று உண்டு. கூகுள் 2018-இல் கொண்டுவந்தது. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போனது என்று அதுவே கணக்கு வைக்கும். பார்த்தேன்: ஒரே நாளில் யூடியூபுக்கு 3 மணி 10 நிமிடம்! அரை மணி என்று வரம்பு வைத்தேன். நேரம் தீர்ந்ததும் படம் சாம்பல் நிறமாகிவிடும், அன்று திறக்காது. ஆனால் வரம்பை நீக்கவும் அதிலேயே வழி இருக்கிறது. முதல் வாரம் தினமும் நீக்கினேன். பூட்டியவன் கையில்தானே சாவி!

மனைவி கேட்டாள்: "ஆத்துக்குக் குளிக்கப் போகையில போனை வீட்டுல வச்சிட்டுத்தானே போறீங்க? அப்ப மட்டும் எப்படி முடியுது?"

பதில் இல்லை. அலுவலகத்திலும் தபாலை வந்த வேளைக்கெல்லாம் பிரிக்க மாட்டோம். அதற்கென்று ஒரு நேரம் உண்டு.

இப்போது தாமிரபரணியில் குளித்து வந்ததும் இரண்டு மணி நேரம் கடிதங்களுக்கு. போன் அடுத்த அறையில். பொருள் பார்க்கப் பழைய லரூஸ் அகராதி. யூடியூப் மாலையில்தான், அரை மணி வரம்பு அதற்கு உதவுகிறது.

பதினொரு கடிதங்கள் முடிந்துவிட்டன. கண் நன்றாகத் தெரியும்போதே மீதியையும் முடித்துவிட வேண்டும்.